ஊன்றுகோலை விட்டுவிட்டு எப்படி நடந்து போனார்?

நான் 12 ஆண்டுகளாகச் சிறார்களுக்குக் கதை எழுதி வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் எழுதி முடித்த கதைகளில் ஒன்றுகூட, தொடங்கிய நாளில் நான் மனத்தில் வைத்திருந்த இடத்தில் போய் நிற்கவில்லை. சில கதைகள் இரண்டே நாளில் எழுதப்பட்டன. ஒரு கதையை மூன்று ஆண்டுகள் சுமந்து திரிந்தேன். ஐந்தாறு கதைகள் பாதியில் நின்றது நின்றபடியே கிடக்கின்றன. எந்தக் கதை எந்த வகையில் சேரும் என்பதைத் தொடக்கத்திலேயே கணிக்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் கதை வேறு பக்கம் திரும்பும்போது அதைக் கவனிக்கத் தவறாமல் இருப்பதற்குச் சில பழக்கங்கள் உதவுகின்றன என்பதை, அந்த மூன்றாண்டுக் கதைதான் எனக்குக் கற்றுத் தந்தது. அது உருவான விதத்தை, நான் செய்த பிழைகளையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

முதல் திட்டம் மிகத் தெளிவாக இருந்தது. ஒரு சிறிய ரயில் நிலையம். பயணிகள் மறந்துவிட்டுப் போன பொருட்களை வைத்திருக்கும் ஓர் அறை. நிலைய ஊழியர் ஒருவரின் பத்து வயது மகள். அவள் அந்தப் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து, உரியவரைத் தேடிக் கண்டுபிடித்து ஒப்படைக்கிறாள். 18 பொருட்கள், 18 அத்தியாயங்கள். முதலில் குடை, அடுத்து வயலின், அதன்பின் ஒரு கட்டுக் கடிதங்கள் என்று பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஒவ்வொரு கட்டத்தின் கீழும், அந்த அத்தியாயத்திலிருந்து குழந்தை எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் சிவப்பு மையில் குறித்திருந்தேன்: நேர்மை, பொறுமை, பகிர்தல். 8 முதல் 11 வயது வரை உள்ளவர்கள் தாமே படிக்கும் நாவலாக, 30,000 சொற்களில் அதை எழுதுவது என் கணக்கு. அந்த வயதுக்கு அந்த அளவு பொருத்தமானதுதான். பிழை அளவில் இல்லை, சிவப்பு மையில் இருந்தது. அது எனக்குப் புரிய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

முதல் ஆறு அத்தியாயங்களை ஐந்து வாரங்களில் எழுதினேன். காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 350 சொற்கள் வந்தன. ஏழாவது அத்தியாயம் பூட்டிய பெட்டி ஒன்றைப் பற்றியது. அதை எழுத உட்கார்ந்த நாளிலிருந்து கை ஓடவில்லை. நான்கு விதமாகத் தொடங்கிப் பார்த்தேன். நான்குமே முந்தைய ஆறு அத்தியாயங்களின் நகலாக வந்தன. சிறுமி பொருளை எடுக்கிறாள், ஒரு துப்புக் கிடைக்கிறது, உரியவர் வருகிறார், கண்கலங்கி நன்றி சொல்கிறார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்கு முன்பே தெரியும். அதனாலேயே அதைத் திறந்து பார்க்கும் ஆவல் எனக்கு இல்லை. எனக்கு இல்லாத ஆவலை ஒன்பது வயதுக் குழந்தைக்கு ஊட்டுவதற்கு எந்த உத்தியும் கைகொடுக்காது.

அந்த நாட்களில் எனக்கு ஆறுதலாக இருந்தது, ‘புதையல் தீவு’ நாவலை எழுதிய ஸ்டீவன்சன் தம் அனுபவத்தைப் பற்றி எழுதிய கட்டுரை. 1881-இல் தம் வளர்ப்பு மகன் படம் வரைந்து விளையாடிக்கொண்டிருந்தபோது, அவரும் உடன் அமர்ந்து ஒரு தீவின் வரைபடத்தை வரைந்தார். அந்த வரைபடத்திலிருந்துதான் புதையல் தீவின் கதையே பிறந்தது. நாளுக்கு ஓர் அத்தியாயமாக 15 நாட்களில் 15 அத்தியாயங்களை எழுதிய அவருக்கு, 16-ஆவது அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. பிறகு குளிர்காலத்தில் தாவோஸ் நகரத்திற்குச் சென்று, ஒரு காலையில் விட்ட கதையை எடுத்து உட்கார்ந்தபோது, மறுபடியும் நாளுக்கு ஓர் அத்தியாயமாகக் கதை பெருகி வந்து முடிந்தது. 1883-இல் அது நூலாயிற்று. இதில் நான் கவனித்தது, அவ்வளவு வேகமாக எழுதியவருக்கும் கதை நின்றது என்பதை மட்டுமல்ல. நின்ற இடத்தில் கதையை அடித்து இழுக்காமல் இருந்தார் என்பதையும்தான். நானோ மேலும் ஒரு மாதம் இழுத்தேன். அந்த மாதத்தில் எழுதிய ஒரு வரிகூட இன்று மிச்சம் இல்லை.

திருப்பம் ஒரு நூலகத்தின் வாசிப்பறையில் நேர்ந்தது. வார இறுதிகளில் அங்கே ஒன்பது குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டும் பழக்கம் எனக்கு இருந்தது. அதுவரை நான் படித்து முடித்ததும், “பிடித்திருந்ததா?” என்று கேட்பேன். எல்லாரும் பிடித்திருந்தது என்பார்கள். குழந்தைகள் பெரியவர்களின் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள்; எந்தப் பதில் நம்மை மகிழ்விக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்தக் கேள்வியால் ஒரு பயனும் இல்லை. அந்த நூலகர்தான் வேறொரு வழியைச் சொல்லித் தந்தார்: கதையை நான்கு குழந்தைகளுக்கு மட்டும் படித்துக் காட்ட வேண்டும், ஒரு வாரம் கழித்து, கேட்காத மற்றவர்களுக்கு அந்த நான்கு பேரும் கதையைச் சொல்ல வேண்டும், எழுதியவர் பின்னால் உட்கார்ந்து, வாய் திறக்காமல், அவர்கள் எதை விட்டுவிடுகிறார்கள், எதைச் சேர்க்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதைவிடக் கண்டிப்பானதும் நேர்மையானதும் வேறில்லை.

நான் 1,750 சொற்களில், ஒரு வாரம் பாடுபட்டு எழுதிய வயலின் அத்தியாயம், “ஒரு வயலின் இருந்துச்சு, அதைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டா” என்ற ஒரே வரியாகச் சுருங்கியது. சிவப்பு மையில் குறித்திருந்த பொறுமையும் நேர்மையும் யாருடைய வாயிலும் வரவில்லை. ஆனால் முதல் பக்கத்தில், அந்த அறையில் இருக்கும் பொருட்களைப் பட்டியல் போடும் ஒரு வாக்கியத்தின் கடைசியில், ஓசை நயத்துக்காக மட்டுமே, “சுவரோரம் சாய்த்து வைத்த ஒற்றை ஊன்றுகோல்” என்று எழுதியிருந்தேன். என் 18 கட்டங்களில் அந்த ஊன்றுகோல் இல்லை. கதை சொல்லிக்கொண்டிருந்த சிறுவன் அதைச் சொன்னதும், கேட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுமி குறுக்கிட்டாள்.

“ஊன்றுகோலை விட்டுட்டு எப்படி நடந்து போனார்?”

அதன்பின் கதை முன்னே நகரவில்லை. யாரோ தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்றாள் ஒருத்தி. அவரிடம் இன்னொன்று இருந்திருக்கும் என்றான் ஒருவன். இல்லை, நொண்டுவதுபோல நடித்த உளவாளி என்றான் இன்னொருவன். ரயில் கிளம்பிவிட்டது, குழந்தை உள்ளே இருந்தது, ஆகையால் போட்டுவிட்டுத் தாவி ஏறியிருப்பார் என்று மிகவும் சிறியவளாக இருந்த ஒரு குழந்தை மெல்லச் சொன்னாள். பத்து நிமிடங்களுக்கு மேல் வாதம் நடந்தது. என் ஆறு அத்தியாயங்களில் ஒன்றுகூட அவர்களைப் பத்து விநாடி வாதிட வைக்கவில்லை.

இதைக் கேட்டதும் நான் அகமகிழ்ந்து திட்டத்தை மாற்றிக்கொண்டேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் உண்மை அப்படியில்லை. மூன்று வாரங்கள் அந்தக் கேள்வியைத் தள்ளி வைத்தேன். சுவரில் ஒட்டிய தாளைக் கிழிக்க மனம் வரவில்லை. 10,000 சொற்களுக்கு மேல் எழுதியாகிவிட்டது, ஒரு குழந்தையின் கேள்விக்காக அவற்றையெல்லாம் விடுவதா என்றே எண்ணினேன். சிறார் கதை எழுதுவோரிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: கதைக்கு உண்மையான உயிர் எங்கே இருக்கிறது என்பது தெரியவரும் நேரம், பெரும்பாலும் நமக்கு ஏமாற்றமான நேரமாகவே இருக்கும். எழுதியதைக் காப்பாற்ற மனம் காரணங்களைத் தேடும். அப்போது உடனே முடிவு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வியை, குழந்தை கேட்ட அதே சொற்களில், அன்றைய தேதியோடு ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட வேண்டும். நம் சொற்களில் மாற்றி எழுதினால் கேள்வியின் கூர்மை போய்விடும். நான் அன்று அதை மட்டும் சரியாகச் செய்தேன்.

பிறகு ஊன்றுகோலைப் பற்றியே எழுதத் தொடங்கினேன். உடனே இரண்டாவது பிழையைச் செய்தேன். கேள்விக்கு நான் கண்ட முதல் விடை, அந்த மனிதருக்குக் கால் குணமாகிவிட்டது, மகிழ்ச்சியில் ஊன்றுகோலை விட்டெறிந்துவிட்டு நடந்தார் என்பது. எழுதும்போது எனக்கே கண்ணில் நீர் வந்தது. சிறு வயதிலிருந்து ஊன்றுகோலுடன் நடக்கும் நண்பர் ஒருவருக்கு அந்த வரைவை அனுப்பினேன். அவர் மிகவும் மென்மையாகப் பேசுபவர், ஆனால் அன்று நேரடியாகவே சொன்னார்: “கடைசியில் குணமாகிவிடுவதாகத்தான் முடிக்கப்போகிறீர்கள் என்றால், அந்தப் புத்தகத்தை என்னைப் போன்ற குழந்தை படிக்கும்போது, தன் கதை இன்னும் முடியவில்லை, தான் இன்னும் சரியாகவில்லை என்றுதானே நினைக்கும்?”

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஊன்றுகோலைப் பற்றி நான் அறிந்திருந்தது எவ்வளவு குறைவு என்பதை அவரிடம் பேசிய ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டேன். அடியில் உள்ள ரப்பர் முனை ஒரு பக்கமாகவே தேயும் என்றார். ஈரத் தரையில் அது வழுக்கும். ஆகவே எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பாராம். உட்கார்ந்ததும் அதை எங்கே சாய்ப்பது என்பது எப்போதும் ஒரு பிரச்சினை. சாய்த்தால் சரிந்து பெருஞ்சத்தத்தோடு விழும், அறை முழுவதும் திரும்பிப் பார்க்கும். உயரத்தைக் கூட்டுவதற்காகத் தண்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். திருகாணியைக் கழற்றி அடுத்த துளையில் மாட்ட வேண்டும். ஆராய்ச்சி என்பதை எழுதி முடித்த பின் சரிபார்ப்பதற்கான வேலை என்றே நான் நினைத்திருந்தேன். வாழ்ந்தவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் அந்தப் பொய்யான முடிவை எழுதியிருக்கவே மாட்டேன். அது மட்டுமல்ல, பின்னால் கதைக்குத் திறவுகோலாக அமைந்ததும் அவர் போகிற போக்கில் சொன்ன அந்தத் துளைகள்தான். ஆனால் அன்று அதை நான் குறிப்பேட்டில் எழுதியதோடு சரி.

விடை கிடைக்கவில்லை. கதையை ஒதுக்கி வைத்தேன். அது 14 மாதங்கள் ஒதுங்கியே கிடந்தது.

ஒதுக்கி வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. முன்பு பாதியில் நின்ற கதைகளை அப்படியே கோப்பில் போட்டு மூடிவிடுவேன். ஓராண்டு கழித்துத் திறந்தால், யாரோ எழுதியதுபோல இருக்கும், உள்ளே நுழைய வழி தெரியாது. இந்த முறை ஒரே ஒரு பக்கம் எழுதி மேலே வைத்தேன். எந்த இடத்தில் நின்றேன், விடை தெரியாத கேள்வி எது, இதுவரை எழுதியதில் எனக்கு உண்மையாகவே பிடித்த வாக்கியங்கள் எவை என்ற மூன்றும் மட்டும் அதில் இருந்தன. ஈ. பி. ஒயிட் 1952-இல் வெளியிட்ட, சிலந்தியும் பன்றிக்குட்டியும் நண்பர்களாகும் நாவலின் வரைவை எழுதி முடித்த பிறகும் நிறைவு இல்லாமல் சில காலம் அதை எடுத்து வைத்துவிட்டார். மறுபடி எடுத்தபோதுதான் ஃபெர்ன் என்ற சிறுமியைக் கதையின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்று அந்த நாவலைத் திறப்பவர்கள் முதலில் சந்திப்பது அவளைத்தான். அவள் இல்லாத தொடக்கத்தை நம்மால் எண்ணிப் பார்க்கவே முடிவதில்லை. முடிந்த வரைவே காத்திருக்கும்போது, என் முடியாத வரைவு காத்திருப்பதில் தவறு என்ன என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த இடைவெளியில்தான் இரண்டு நாளில் எழுதிய கதை வந்தது. நத்தை ஒன்று தன் ஓட்டுக்குள் பேசுகிறது, அதன் எதிரொலியைக் கேட்டு உள்ளே வேறு யாரோ இருப்பதாக எண்ணுகிறது, அவ்வளவுதான் கதை. 640 சொற்கள். நான்கு முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளுக்கான படப் புத்தகமாக அதை வெளியிட ஒரு பதிப்பாசிரியர் ஒப்புக்கொண்டார். இரண்டு நாளில் எழுதியதால் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது.

படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. ஒரு பெரிய தாளின் இரு புறமும் எட்டெட்டுப் பக்கங்களாக 16 பக்கங்களை அச்சிட்டு மடிப்பது ஒரு ஃபாரம். இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் ஆகியவை போக, கதைக்குக் கிடைப்பவை 12 முதல் 14 வரையிலான இரட்டைப் பக்கங்கள்தாம். எனவே படப் புத்தகத்துக்கு எழுதுபவர்கள் எட்டு வெள்ளைத் தாள்களை நடுவே மடித்து, ஒன்றனுள் ஒன்றாகச் செருகி, ஒரு மாதிரிப் புத்தகம் செய்துகொள்வது மிகவும் நல்லது. அதில் வாக்கியங்களை வெட்டி ஒட்டிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான், என் கதையின் வியப்பான இடம் வலப் பக்கத்தின் நடுவில், எல்லாருடைய கண்ணிலும் முன்கூட்டியே பட்டுவிடும்படி அமைந்திருப்பது தெரிந்தது. கேள்வி வலப் பக்கத்தின் அடியில் நிற்க வேண்டும். விடை தாளைத் திருப்பினால் மட்டுமே தெரிய வேண்டும். தாளைத் திருப்பும் அந்தச் சிறு கைக்கும் கதை சொல்லும் வேலையில் பங்கு உண்டு.

ஓவியர் பென்சில் கோடுகளால் போட்ட முதல் படங்களைக் காட்டியபோது, 640 சொற்களில் பாதிக்கு மேல் தேவையற்றவை ஆயின. நத்தையின் நிறம், புல்லின் பனி, மாலை வெயில் என்று நான் எழுதியவை எல்லாம் படத்திலேயே இருந்தன. 290 சொற்களாகக் குறைத்தேன். அதைவிட வியப்பான ஒன்றும் நேர்ந்தது. ஓவியர் என்னிடம் கேட்காமலேயே எல்லாப் பக்கங்களிலும் நத்தைக்குப் பின்னால் ஓர் எறும்பை வரைந்திருந்தார். என் வாக்கியமோ, “நத்தை தனியாகப் போனது” என்றது. படத்துக்கும் எழுத்துக்கும் முரண்பாடு என்று கருதி வாக்கியத்தை நீக்கச் சொன்னேன். பதிப்பாசிரியர் வேண்டாம் என்றார். புத்தகம் வந்த பிறகு அதைப் படித்துக் காட்டும் இடமெல்லாம் அந்த வாக்கியம் வந்ததும் குழந்தைகள், “இல்ல, எறும்பு இருக்கு!” என்று கத்துகிறார்கள். நத்தைக்குத் தெரியாத ஒன்று தங்களுக்குத் தெரியும் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு பெருமை. நான் நீக்க நினைத்த வரிதான் அந்தப் புத்தகத்தின் மிக நல்ல வரியாக ஆனது. அதை அப்படி ஆக்கியவரோ ஓவியர்.

மாரிஸ் செண்டாக் எழுதிய மிகப் புகழ்பெற்ற படப் புத்தகமும் முதலில் காட்டுக் குதிரைகளைப் பற்றியதாகவே தொடங்கியது. தமக்குக் குதிரை வரைய வராது என்பதைக் கண்ட பிறகே, குதிரைகளின் இடத்தில் கொம்பும் பல்லும் கொண்ட பெயரில்லா உயிர்கள் வந்தன; 1963-இல் அது வெளியாயிற்று. நம்மால் செய்ய இயலாத ஒன்றே வழியைத் திருப்பிவிடுவதும் உண்டு என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று இது.

ஊன்றுகோலுக்கு வருகிறேன். ஒரு நாள் உறவினர் வீட்டில், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனின் மிதிவண்டி இருக்கையை உயர்த்திக் கொடுக்க முயன்றுகொண்டிருந்தோம். ஏற்கெனவே அது உயரக்கூடிய எல்லைவரை உயர்ந்திருந்தது. அவன் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, எந்த வருத்தமும் இல்லாமல், “இது சின்னதாயிடுச்சு” என்று தம்பியிடம் தள்ளிக் கொடுத்துவிட்டான். தான் வளர்ந்துவிட்டதாக அவன் சொல்லவில்லை. வண்டி சிறியதாகிவிட்டதாகச் சொன்னான். அந்தக் கணத்தில் ஊன்றுகோலின் துளைகள் என் நினைவுக்கு வந்தன. அது ஒரு குழந்தையின் ஊன்றுகோல். திருகாணி கடைசித் துளையில் இருக்கிறது. அது தொலைந்துபோன பொருளே அல்ல. சிறியதாகிவிட்டது, ஆகையால் புதியதோடு நடந்து போன ஒரு சிறுமி அதை வேண்டுமென்றே சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வீடு திரும்பியதும் அந்த ஒற்றைப் பக்கக் குறிப்பை எடுத்தேன். கதையின் அடிப்படையே மாறிவிட்டிருந்தது. என் நாயகி திருப்பிக் கொடுக்கப் பாடுபடும் பொருள், உரியவளுக்கு இனி வேண்டாத பொருள். அப்படியானால் அவள் எதைத் தேடுகிறாள்? யாரிடம் அதைச் சேர்க்க வேண்டும்? இந்த முறை எனக்கு விடை தெரியவில்லை. அதனாலேயே எழுத ஆவலாக இருந்தது. நண்பரை மறுபடி அழைத்து, இப்படி நடக்குமா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், தம் பழைய ஊன்றுகோல்கள் மூன்றும் வீட்டில் பரண் மேல் இருப்பதாகவும், துளைகளில் திருகாணி அழுந்திய தடங்களைப் பார்த்தால் எந்த வயதில் எவ்வளவு உயரம் இருந்தார் என்று சொல்லிவிடலாம் என்றும் கூறினார். அந்தத் தடங்கள் அப்படியே கதைக்குள் வந்தன. நாயகி அவற்றைத் தன் உயரத்தோடு அளந்து பார்த்து, விட்டுச் சென்றவளின் வயதைக் கண்டுபிடிக்கிறாள்.

புதிய வரைவு 11 வாரங்களில் முடிந்தது. 18 அத்தியாயங்கள் ஆறாயின. திட்டமிட்ட 30,000 சொற்களின் இடத்தில் 6,400 சொற்களே நின்றன. முன்பு எழுதிய ஆறு அத்தியாயங்களிலிருந்து மிஞ்சியவை முதல் பக்கப் பட்டியலும் ரயில் நிலைய மணியைப் பற்றிய ஒரு பத்தியும்தான். நாயகியின் தந்தைக்கு இருந்த வேலையை வெகுவாகக் குறைத்தேன். பழைய வரைவில் ஒவ்வொரு சிக்கலையும் அவர்தான் தொலைபேசியில் பேசித் தீர்த்தார். சிறுமி அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெரியவர் தீர்க்கும் கதையில் குழந்தை வெறும் பார்வையாளர். அவரை இரவுப் பணிக்கு மாற்றிப் பகலில் தூங்க வைத்தேன், கதை அவள் கைக்கு வந்தது. அறையைத் தரையில் உட்கார்ந்து பார்த்து மறுபடி வருணித்தேன். பெரியவரின் கண்ணுக்கு அலமாரியின் மேல்தட்டும், குழந்தையின் கண்ணுக்கு மேசையின் அடிப்புறமும்தான் முதலில் படுகின்றன.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். படித்துக் காட்டுவதைக் கேட்கும் குழந்தையும், எழுத்துக்கூட்டித் தானே படிக்கும் குழந்தையும் வேறு வேறு வாசகர்கள். கேட்கும் குழந்தைக்கு அரிய சொற்கள் மகிழ்ச்சி தரும். “தத்தளித்தது” என்ற சொல்லை ஒருவன் நாள் முழுவதும் சொல்லித் திரிந்ததைப் பார்த்திருக்கிறேன். தானே படிக்கத் தொடங்கும் குழந்தைக்கோ கண் களைத்துவிடும். 1957-இல் வெளியான டாக்டர் சூஸின் பூனைக் கதையில் மொத்தம் 236 வெவ்வேறு சொற்களே இருக்கின்றன. புதிதாகப் படிக்கப் பழகுபவர்களுக்காகவே அப்படி எழுதப்பட்டது. ஆனால் தமிழில் சொற்களை எண்ணுவது மட்டும் போதாது, சொல்லின் நீளத்தையும் எண்ண வேண்டும். “எடுத்துக்கொண்டிருந்தாள்” என்பது எல்லாருக்கும் தெரிந்த எளிய சொல்தான். ஆனால் அதில் 12 எழுத்துகள் இருக்கின்றன. ஏழு வயதுக் குழந்தை அதன் கடைசி எழுத்தை எட்டுவதற்குள் முதல் எழுத்தை மறந்துவிடும். “எடுத்தாள்” என்றால் ஐந்தே எழுத்து. நான் வரைவை முடித்ததும், பத்து எழுத்துக்கு மேல் உள்ள சொற்களை எல்லாம் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றையும் பிரிக்கவோ சுருக்கவோ முடியுமா என்று பார்க்கிறேன்.

உரையாடலில் பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்பது ஓயாத கேள்வி. முதல் வரைவில், “வந்துவிட்டாயா?” என்று எழுதியிருந்தேன். அதை வாய்விட்டுப் படித்த சிறுமி, அந்த இடத்தில் தானாகவே குரலை மாற்றிப் பாடம் ஒப்பிப்பதுபோல் படித்தாள். “வந்துட்டியா?” என்று மாற்றியதும் குரல் இயல்பானது. ஆனால் எழுத்துத் தமிழில் மட்டுமே படித்துப் பழகிய வேறொரு சிறுவன் அதே சொல்லில் தடுக்கி நின்றான். நான் வந்து சேர்ந்த முடிவு, கதையைச் சொல்லும் வாக்கியங்களை எளிய எழுத்துத் தமிழிலும், உரையாடலை எல்லாப் பகுதியினருக்கும் புரியும் பொதுவான பேச்சுத் தமிழிலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புத்தகத்திலும் அதைத் தொடக்கம் முதல் இறுதி வரை மாற்றாமல் இருப்பது. வேறு முடிவுக்கு வந்தவர்களின் புத்தகங்களும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒரே கதைக்குள் இரண்டும் மாறி மாறி வரும்போது குழந்தைகள் தடுமாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்பதில் கடைசி வரை உறுதி இல்லை. இரு சிறுமியரும் சந்தித்துக் கைகோக்கும் ஒரு காட்சியை எழுதி, அதே ஒன்பது பேரில் எஞ்சியிருந்த ஐவருக்குப் படித்துக் காட்டினேன். மற்றவர்கள் அதற்குள் அந்த வயதைக் கடந்திருந்தார்கள். மறுவாரம் அவர்கள் கதையைத் திரும்பச் சொன்னபோது, சந்திப்பை ஒருவரும் சொல்லவில்லை. துளைகளை அளக்கும் இடத்தை எல்லாரும் சொன்னார்கள். ஒருத்தி எழுந்து நின்று, கையை அக்குளுக்கு அடியில் வைத்து அளந்தே காட்டினாள். ஆகவே சந்திப்பை எடுத்துவிட்டேன். இப்போது கதையின் கடைசிப் பக்கத்தில், நாயகி திருகாணியைக் கழற்றி, மிகத் தாழ்ந்த முதல் துளையில் மாட்டி, ஊன்றுகோலை மறுபடியும் சுவரோரம் சாய்த்து வைக்கிறாள். யாருக்காக என்று எழுதவில்லை. பதிப்பாசிரியர் ஒரு வரி சேர்க்கலாமே என்றார். இந்த முறை வேண்டாம் என்று சொன்னவன் நான்.

புத்தகம் வந்து நான்கு மாதங்களுக்குப் பிறகு, அதைப் படித்த ஒரு சிறுவன், வேறொரு வாசிப்பறையில், கையை உயர்த்தி, “அந்தக் குடைக்காரர் மழையில என்ன பண்ணினார்?” என்று கேட்டான். பழைய வரைவில் குடைக்கு ஒரு முழு அத்தியாயம் இருந்தது. இப்போது அது முதல் பக்கப் பட்டியலில் ஒரு சொல். பழைய விடையை அவனிடம் சொல்ல வாயெடுத்தேன், பிறகு நிறுத்திக்கொண்டேன். அவன் கேட்ட சொற்களிலேயே, அன்றைய தேதியோடு ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டேன். அவன் வெகுநேரம் யோசித்தான்.